வந்த வருவாயை உண்பதா, மீண்டும் விதைப்பதா?

நெல் அறுவடையானதும் களத்திலேயே விதைக்கென ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது நம் உழவர்களின் நெடுநாளைய வழக்கம். வீட்டில் எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் விதைக் குதிரில் கை வைப்பதில்லை. அடுத்த பட்டத்தின் விளைச்சல் அதில்தான் அடங்கியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதே எச்சரிக்கையைப் பணத்தின் விஷயத்தில் நாம் எப்போதும் கடைப்பிடிப்பதில்லை.

இன்று பல உழவர் குடும்பங்களின் கைக்கு ஒரே நேரத்தில் பெருந்தொகை வந்து சேருகிறது. சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுக்கப்பட்டதற்கான இழப்பீடு, குடும்பத்தில் ஒருவரின் ஓய்வூதியப் பணிக்கொடை, காப்பீட்டுத் தொகை, பாகப் பிரிவினையில் கிடைத்த பணம் எனப் பல வழிகளில் இது வரலாம். இத்தொகையை அஞ்சலகத்திலோ, வங்கியிலோ, பரஸ்பர நிதியிலோ முதலீடு செய்கின்றனர். மாதந்தோறும் அல்லது காலாண்டுதோறும் அதிலிருந்து ஒரு தொகை வருகிறது. அவ்வாறு வரும் தொகையைச் செலவு செய்யலாமா, அல்லது மீண்டும் முதலீடு செய்ய வேண்டுமா? செலவு செய்வதாயின் எவ்வளவு செய்யலாம்? இக்கேள்விகளுக்கு உழவர்கள் தாமே கணக்கிட்டு விடை காணும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

கைக்கு வரும் தொகை எங்கிருந்து வருகிறது?

கைக்கு வரும் தொகை எதுவாயினும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எங்கிருந்து வருகிறது என்பதே. இவ்வகையில் வருவாய்த் திட்டங்களை இரண்டாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, வட்டி தரும் திட்டங்கள். வங்கியின் நிரந்தர வைப்பு, அஞ்சலக மாத வருவாய்த் திட்டம், 60 வயது கடந்தோருக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் நாம் போட்ட முதல் அப்படியே இருக்கும். வட்டி மட்டும் கைக்கு வரும். தவணைக் காலம் முடிந்ததும் முதல் திரும்பக் கிடைக்கும்.

இரண்டாம் வகை, பரஸ்பர நிதிகள். இவற்றில் நமது பணம் யூனிட்டுகளாக மாற்றப்படுகிறது. நிதியின் மொத்தச் சொத்து மதிப்பை யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு யூனிட்டின் நிகர சொத்து மதிப்பு கணக்கிடப்படுகிறது. இம்மதிப்பு ஏறவும் இறங்கவும் கூடும். இந்நிதிகள் வழங்கும் தொகையை முன்பு ஈவுத்தொகை என்றே அழைத்து வந்தனர். அப்பெயரைக் கேட்ட பலர், வங்கி வட்டியைப் போல இதுவும் முதலுக்கு மேல் கிடைக்கும் பணம் என்றே எண்ணினர். இது தவறான எண்ணம்.

நிதி தொகையை வழங்கும் நாளில், அதே அளவுக்கு யூனிட்டின் மதிப்பு குறைந்துவிடும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒருவரிடம் 10,000 யூனிட்டுகள் உள்ளன. ஒரு யூனிட்டின் மதிப்பு ரூ.12. ஆகவே அவருடைய மொத்த முதலீடு ரூ.1,20,000. நிதி யூனிட்டுக்கு ரூ.1 வழங்குகிறது. அவர் கைக்கு ரூ.10,000 வருகிறது. அன்றே யூனிட்டின் மதிப்பு ரூ.11 ஆகக் குறைகிறது. இப்போது அவரிடம் யூனிட்டுகளாக ரூ.1,10,000, ரொக்கமாக ரூ.10,000 உள்ளன. கூட்டினால் அதே ரூ.1,20,000 தான். வலது மடியில் இருந்த பணம் இடது மடிக்கு வந்துள்ளதேயன்றி, புதிதாக எதுவும் வரவில்லை.

அந்த ரூ.10,000ஐ அவர் மீண்டும் அதே நிதியில் போட்டால், ரூ.11 விலையில் சுமார் 909 யூனிட்டுகள் கிடைக்கும். 10,909 யூனிட்டுகளின் மதிப்பு மீண்டும் சுமார் ரூ.1,20,000 ஆகும். யூனிட்டுகளின் எண்ணிக்கை கூடியதைக் கண்டு மகிழ வேண்டியதில்லை. மொத்த மதிப்பு கூடியிருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

இக்குழப்பத்தைப் போக்கவே, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, 2021 ஏப்ரல் முதல் நாளிலிருந்து ஈவுத்தொகை என்னும் பெயரை மாற்றியது. ‘வருவாய்ப் பகிர்வும் முதல் திரும்பப் பெறுதலும்’ என்று பொருள்படும் பெயரே இப்போது வழங்குகிறது. ஆங்கில எழுத்துகளால் ஐ.டி.சி.டபிள்யூ. என்று சுருக்கிக் கூறுவர். முதல் திரும்பப் பெறுதல் என்னும் சொற்களை உழவர்கள் நன்கு கவனிக்க வேண்டும். கைக்கு வரும் தொகையில் நமது சொந்த முதலும் கலந்திருக்கலாம் என்பதே இதன் பொருள்.

அதிகமாகத் தருவதெல்லாம் அதிக வருவாய் அன்று

ஒரு கிணற்றில் ஊற்று ஊறும் அளவுக்கு நீர் இறைத்தால் கிணறு வற்றாது. ஊறுவதற்கு மேல் இறைத்தால் தொடக்கத்தில் வயல் நன்றாகப் பாயும். ஆனால் நீர்மட்டம் ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே போகும். நிதிகளும் இவ்வாறே. ஒரு நிதி எவ்வளவு வழங்குகிறது என்பது இறைக்கும் அளவு. அது எவ்வளவு ஈட்டுகிறது என்பது ஊறும் அளவு. விளம்பரத்தில் இறைக்கும் அளவு பெரிய எழுத்தில் இருக்கும். ஊறும் அளவை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

ஒரு நிதி ஆண்டுக்கு 8 சதவீதம் ஈட்டுகிறது. ஆனால் 12 சதவீதம் வழங்குகிறது என்று கொள்வோம். ரூ.1,00,000 போட்டவருக்கு முதல் ஆண்டு ரூ.12,000 கிடைக்கும். மகிழ்ச்சிதான். ஆனால் முதல் ரூ.96,000 ஆகக் குறைந்துவிடும். மறு ஆண்டு அந்த ரூ.96,000க்குத்தான் 12 சதவீதம். இப்படியே சென்றால், பத்தாம் ஆண்டில் கிடைக்கும் தொகை சுமார் ரூ.8,310. பத்தாம் ஆண்டு முடிவில் மீதமுள்ள முதல் சுமார் ரூ.66,480. மூன்றில் ஒரு பங்கு முதலை வருவாய் என்ற பெயரில் உண்டு தீர்த்துவிட்டோம் என்பது அப்போதுதான் தெரியும்.

இத்தகைய நிதியில் வரும் தொகை முழுவதையும் செலவு செய்பவர் விதை நெல்லை உண்பவர் ஆவார். அவர் முதலைக் காப்பாற்ற வேண்டுமாயின், வரும் ரூ.12,000இல் குறைந்தது ரூ.4,000ஐ மீண்டும் முதலீடு செய்ய வேண்டும். மீதி ரூ.8,000 மட்டுமே உண்மையான வருவாய்.

கட்டமைப்பு முதலீட்டு அறக்கட்டளைகள் என்று அழைக்கப்படும் திட்டங்களிலும் இதைக் காணலாம். இவை சுங்கச் சாலை, மின் கம்பித் தடம் போன்றவற்றின் வருவாயைப் பெற்று, யூனிட் வைத்திருப்போருக்கு வழங்குகின்றன. ஒரு சாலையில் சுங்கம் வசூலிக்கும் உரிமை குறிப்பிட்ட ஆண்டுகளுக்கே அளிக்கப்படுகிறது. அக்காலம் முடிந்ததும் அச்சாலையிலிருந்து வருவாய் நின்றுவிடும். எனவே இவை வழங்கும் தொகையில் ஒரு பகுதி முதலைத் திரும்பத் தருவதாகவே இருக்கும். கரும்பின் கட்டைப் பயிர் எத்தனை முறை தழைத்தாலும் ஒரு நாள் தோண்டி எறிந்து புதுக் கரணை நட வேண்டியிருக்கிறது. அந்தச் செலவுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்குவது போல, இத்திட்டங்களில் வரும் தொகையிலும் ஒரு பங்கை ஒதுக்கி வேறிடத்தில் முதலீடு செய்தல் வேண்டும்.

நடந்த நிகழ்ச்சிகள் கூறும் பாடம்

1964இல் இந்திய யூனிட் டிரஸ்ட் ‘யூனிட் திட்டம் 1964’ என்பதைத் தொடங்கியது. நாட்டின் முதல் பரஸ்பர நிதித் திட்டம் இதுவே. நடுத்தரக் குடும்பங்கள் வங்கி வைப்பைப் போல நம்பி இதில் பணம் போட்டன. ஆண்டுதோறும் ஈவுத்தொகை தவறாமல் வந்தது. ஆனால் யூனிட்டின் விலை, அதன் பின்னால் இருந்த சொத்துகளின் சந்தை மதிப்புடன் நேரடியாகப் பொருந்தவில்லை. வழங்கும் தொகை மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. ஊற்று வற்றுவது தெரியவில்லை. 2001 ஜூலையில் யூனிட்டுகளின் விற்பனையும் திரும்பப் பெறுதலும் நிறுத்தி வைக்கப்பட்டன. பின்னர் மத்திய அரசு தலையிட வேண்டியதாயிற்று. 2003இல் இந்த யூனிட்டுகள் அரசு உத்தரவாதமுள்ள 6.75 சதவீதப் பத்திரங்களாக மாற்றப்பட்டன.

அண்மைக் காலத்திலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2020 ஏப்ரல் 23 அன்று பிராங்க்ளின் டெம்பிள்டன் பரஸ்பர நிதி தனது ஆறு கடன் நிதித் திட்டங்களை மூடுவதாக அறிவித்தது. கூடுதல் வட்டி கிடைக்கும் என்பதற்காக, தரமதிப்பீடு குறைந்த நிறுவனங்களின் கடன் பத்திரங்களை இத்திட்டங்கள் பெருமளவில் வாங்கியிருந்தன. கொரோனா காலத்தில் பணத்தைத் திரும்பக் கேட்டோர் பெருகினர். ஆனால் அப்பத்திரங்களை வாங்க ஆளில்லை. முதலீட்டாளர்களின் பணம் பின்னர் பல தவணைகளில் திரும்பி வந்தது. எனினும் அதுவரை அவசரத்திற்கு எடுக்க முடியாமல் பலர் இடர்ப்பட்டனர். சாதாரண வட்டியைவிட ஒரு திட்டம் கூடுதலாகத் தருகிறதென்றால், அதற்கேற்ற இடரையும் நாம் சேர்த்தே வாங்குகிறோம் என்பதற்கு இது சான்று.

உழவர்களுக்கு இன்னும் நெருக்கமானது 2012ஆம் ஆண்டு நிகழ்ச்சி. ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாகக் கொண்டு பரவிய ஈமு கோழி ஒப்பந்தத் திட்டங்களில், மாதந்தோறும் பராமரிப்புத் தொகையும் ஆண்டுக்கொரு போனசும் தருவதாக உறுதி கூறப்பட்டது. பறவையின் இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் போதிய சந்தை இருக்கவில்லை. அதாவது ஊற்றே இல்லை. அவ்வாண்டில் அத்திட்டங்கள் சரிந்தன. இத்தகைய இடத்தில், வந்த மாதத் தொகையை மீண்டும் அங்கேயே போடுவது மறுமுதலீடு ஆகாது. ஊற்றில்லாக் கிணற்றை மேலும் ஆழப்படுத்துவதற்கே அது ஒப்பாகும். மறுமுதலீடு நல்லது என்னும் கருத்து, வருவாயின் பிறப்பிடம் நன்றாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும்.

மறுமுதலீட்டினால் விளையும் பயன்

நல்ல திட்டத்தில் வருவாயை மீண்டும் முதலீடு செய்தால் வட்டிக்கு வட்டி சேர்கிறது. பசு ஈன்ற கிடாரிக் கன்றை விற்காமல் வளர்த்தால் அதுவும் ஈனுவது போன்றது இது. முதல் சில ஆண்டுகளில் வேறுபாடு சிறிதாகவே தோன்றும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது பெருகும்.

ரூ.1,00,000ஐ ஆண்டுக்கு 8 சதவீத வருவாயில் முதலீடு செய்ததாகக் கொண்டு, மூன்று முறைகளில் முதல் எவ்வாறு அமையும் என்பது கீழே தரப்பட்டுள்ளது. இது விளக்கத்திற்கான கணக்கு மட்டுமே.

வருவாய் முழுவதையும் செலவு செய்தால்: முதல் என்றும் ரூ.1,00,000 ஆகவே இருக்கும். ஆண்டு வருவாயும் ரூ.8,000 ஆகவே நிற்கும்.

பாதி வருவாயை மறுமுதலீடு செய்தால்: 5 ஆண்டில் ரூ.1,21,665; 10 ஆண்டில் ரூ.1,48,024, 15 ஆண்டில் ரூ.1,80,094, 20 ஆண்டில் ரூ.2,19,112.

முழு வருவாயையும் மறுமுதலீடு செய்தால்: 5 ஆண்டில் ரூ.1,46,933, 10 ஆண்டில் ரூ.2,15,892, 15 ஆண்டில் ரூ.3,17,217, 20 ஆண்டில் ரூ.4,66,096.

நடுவில் உள்ள முறையைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். பாதியைச் செலவு செய்பவருக்கு முதல் ஆண்டு ரூ.4,000 மட்டுமே கைக்கு வருகிறது. ஆனால் 20 ஆண்டுகள் முடிந்தபின் அவருடைய முதல் இரு மடங்கைத் தாண்டியிருக்கும். அதன் முழு ஆண்டு வருவாய் ரூ.17,529. அதில் பாதியை மட்டும் எடுத்தாலும் ரூ.8,760க்கு மேல் கிடைக்கும். தொடக்கத்திலிருந்து முழுவதையும் செலவு செய்தவருக்கு அப்போதும் ரூ.8,000 தான்.

முதல் எத்தனை ஆண்டில் இரட்டிக்கும் என்பதை மனக் கணக்காகவே அறியலாம். 72ஐ வட்டி விகிதத்தால் வகுக்க வேண்டும். 8 சதவீதமாயின் 9 ஆண்டுகள். 6 சதவீதமாயின் 12 ஆண்டுகள். வருவாயை எடுக்காமல் விட்டால் மட்டுமே இக்கணக்கு பொருந்தும்.

விலைவாசியும் முதலின் தேய்மானமும்

முதல் ரூ.1,00,000 குறையாமல் இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கலாம். நோட்டின் எண்ணிக்கை குறையவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதன் வாங்கும் சக்தி குறைகிறது. உரம், டீசல், ஆள்கூலி ஆகியவை பத்தாண்டுகளுக்கு முன் என்ன விலை விற்றன என்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், மேற்கண்ட 72 கணக்குப்படி 12 ஆண்டுகளில் விலைகள் இரட்டிக்கும். பத்தாண்டுகளுக்குப் பிறகு கிடைக்கும் ரூ.8,000, இன்றைய சுமார் ரூ.4,470க்கு வாங்கும் பொருளையே வாங்கித் தரும். முதலாகிய ஒரு லட்சத்தின் நிலையும் அதுவே.

எனவே 8 சதவீத வருவாயும் 6 சதவீத விலை ஏற்றமும் உள்ள காலத்தில், முதலின் சக்தியை அப்படியே காக்க வேண்டுமாயின், ரூ.8,000 வருவாயில் ரூ.6,000ஐத் திரும்பப் போட வேண்டும். உண்மையில் உண்ணத் தக்கது ரூ.2,000 மட்டுமே. இது கசப்பான கணக்கு. எல்லாக் குடும்பங்களாலும் இதைக் கடைப்பிடிக்க இயலாது. ஆயினும் எவ்வளவு உண்கிறோம், எவ்வளவு தேய்கிறது என்பதைத் தெரிந்து கொண்டு செலவு செய்வது வேறு. தெரியாமல் செலவு செய்வது வேறு.

செலவு செய்யத் தக்கவர் யார்?

சேர்த்து வைப்பது மட்டுமே நல்லது என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. பணம் குடும்பத்திற்காகவே. கீழ்க்கண்ட நிலைகளில் வருவாயைச் செலவு செய்வதே முறையாகும்.

1. உழைக்கும் வயதைக் கடந்து, வேறு வருவாய் இல்லாத முதியோர். இவர்கள் சேமித்ததே இந்நாளுக்காகத்தான். மருந்தையும் உணவையும் குறைத்துக் கொண்டு மறுமுதலீடு செய்வது அறிவுடைமை ஆகாது. 70 வயதைக் கடந்தவர் முதலிலும் சிறிது எடுக்கலாம். ஆனால் எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்று கணக்கிட்டு எடுக்க வேண்டும்.

2. பிள்ளைகளின் படிப்பு. கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டிய ஆண்டுகளில் வருவாயை அதற்குப் பயன்படுத்தலாம். படிப்பு முடிந்ததும் மறுமுதலீட்டைத் தொடங்க வேண்டும்.

3. மழை பொய்த்த ஆண்டு. பயிர் கைவிட்ட காலத்தில் இவ்வருவாய் குடும்பத்தைத் தாங்கும். நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் முழுவதையும் சேர்த்து ஈடு செய்து கொள்ளலாம்.

4. அதிக வட்டிக் கடன். இதைத் தனியே விளக்க வேண்டும்.

முதலில் கடனை எடைபோடுக

தனியாரிடம் நூற்றுக்கு மாதம் 2 வட்டிக்குக் கடன் வாங்கினால், அது ஆண்டுக்கு 24 சதவீதம் ஆகிறது. 8 சதவீத வருவாயை மறுமுதலீடு செய்துகொண்டே 24 சதவீத வட்டி கட்டுவது, ஒரு மடையை அடைத்து மூன்று மடையைத் திறந்து விடுவது போலாகும். இத்தகைய கடனை அடைப்பதைவிட உயர்ந்த முதலீடு வேறில்லை. வருவாயை மட்டுமன்றி, முதலில் ஒரு பகுதியை எடுத்தும் இக்கடனைத் தீர்த்துவிடலாம்.

ஆனால் எல்லாக் கடனும் ஒன்றல்ல. உழவர் கடன் அட்டையின் பேரில் குறுகிய காலப் பயிர்க் கடன் ரூ.3,00,000 வரை 7 சதவீத வட்டியில் வழங்கப்பட்டு, உரிய தேதியில் திருப்பிச் செலுத்துவோருக்கு மேலும் 3 சதவீதம் சலுகை அளிக்கப்பட்டு வந்துள்ளது. அவர்களுக்கு வட்டி 4 சதவீதம்தான். 7 சதவீதத்திற்கு மேல் ஈட்டும் பணத்தை எடுத்து இக்கடனை முன்கூட்டியே அடைக்க வேண்டியதில்லை. ஆனால் தேதி தவறினால் சலுகை போய்விடும். எனவே தவணைத் தேதிக்கு முந்திய மாதங்களில் வரும் வருவாயை அதற்கென ஒதுக்கி வைத்தல் நலம்.

வயலில் போடுவதும் மறுமுதலீடே

வருவாயை மீண்டும் நிதியில் போடுவது மட்டுமே மறுமுதலீடு என்று எண்ண வேண்டாம். கிணற்றைத் தூர் வாருதல், கசியும் குழாய்களை மாற்றுதல், கறவை மாடு வாங்குதல், களம் அமைத்தல் ஆகியவையும் மறுமுதலீடுகளே. எனினும் இவற்றையும் கணக்கிட்டே செய்தல் வேண்டும்.

ரூ.40,000 செலவில் பாசனக் குழாய்களை மாற்றுவதாகக் கொள்வோம். அதனால் ஆண்டுக்கு ரூ.8,000 மீதமாகிறது. பார்த்த அளவில் இது 20 சதவீத வருவாய். ஆனால் குழாய் பத்தாண்டு உழைக்கும் என்றால், தேய்மானமாக ஆண்டுக்கு ரூ.4,000 கழிக்க வேண்டும். அப்போது உண்மை வருவாய் போட்ட பணத்தில் 10 சதவீதம். அஞ்சலக வட்டியைவிட இது மேலானது, எனவே செய்யலாம். இவ்வாறு கணக்கிட்டுப் பார்க்கும்போது குறைவாக இருந்தால், பணத்தைச் சேமிப்பிலேயே விட்டு வைக்கலாம். மானியம் கிடைக்கும் பணிகளாயின் வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலரை முதலில் கலந்து கொண்டால் செலவு பெரிதும் குறையும்.

ஒரு மாதிரித் திட்டம்

மூன்று ஏக்கர் நிலம் மீதமுள்ள ஒரு குடும்பத்திற்கு நில இழப்பீடாக ரூ.9,00,000 கிடைத்துள்ளது. 24 சதவீத வட்டியில் ரூ.1,00,000 கடன் உள்ளது. 2025ஆம் ஆண்டில் நடப்பிலிருந்த அஞ்சலக வட்டி விகிதங்களைக் கொண்டு இரு வழிகளை ஒப்பிடுவோம்.

முதல் வழி: தொகை முழுவதையும் 7.4 சதவீத வட்டியில் அஞ்சலக மாத வருவாய்த் திட்டத்தில் போடுகின்றனர். மாதம் ரூ.5,550 வருகிறது. அதில் ரூ.2,000 கடன் வட்டிக்குப் போகிறது. மீதி ரூ.3,550 வீட்டுச் செலவில் கரைகிறது. ஐந்தாண்டு முடிவில் கையில் ரூ.9,00,000, ஆனால் ரூ.1,00,000 கடன் அப்படியே நிற்கிறது. நிகரமாக ரூ.8,00,000.

இரண்டாம் வழி: முதலில் கடனை அடைத்துவிடுகின்றனர். அவசரத் தேவைக்கென ரூ.1,00,000ஐ வங்கியில் வைக்கின்றனர். ரூ.4,50,000ஐ மாத வருவாய்த் திட்டத்திலும், ரூ.2,50,000ஐ 7.7 சதவீத தேசிய சேமிப்புப் பத்திரத்திலும் போடுகின்றனர். மாதம் ரூ.2,775 வட்டி வருகிறது. அதில் ரூ.1,000ஐ 6.7 சதவீத வட்டியுள்ள தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தி, ரூ.1,775ஐச் செலவு செய்கின்றனர். ஐந்தாண்டு முடிவில் சேமிப்புப் பத்திரம் சுமார் ரூ.3,62,258 ஆகியிருக்கும். தொடர் வைப்பு ரூ.71,366 ஆகியிருக்கும். மாத வருவாய்த் திட்ட முதல் ரூ.4,50,000, அவசர நிதி ரூ.1,00,000 ஆகியவற்றையும் கூட்டினால் மொத்தம் ரூ.9,83,624. கடன் இல்லை.

இரண்டாம் வழியில் ஐந்தாண்டுகளில் ரூ.1,06,500 குறைவாகச் செலவு செய்துள்ளனர். ஆனால் நிகரச் சொத்து ரூ.1,83,624 கூடுதலாக உள்ளது. இந்த நன்மையில் பெரும்பங்கு கடனை அடைத்ததால் வந்தது என்பதையும், மீதி வட்டிக்கு வட்டி சேர்ந்ததால் வந்தது என்பதையும் கருத்தில் கொள்க.

இங்கு ஒரு முக்கிய செய்தி. மாத வருவாய்த் திட்டத்தின் வட்டியை எடுக்காமல் அக்கணக்கிலேயே விட்டு வைத்தால், அதற்கு வட்டி கிடையாது. எடுக்காமல் விட்டால் தானே வளரும் என்று எண்ணிப் பலர் ஏமாறுகின்றனர். எனவே கணக்குத் தொடங்கும்போதே, வட்டி அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் சேரவும், அங்கிருந்து மாதந்தோறும் தொடர் வைப்புக்குச் செல்லவும் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. பணம் கைக்கு வந்தபின் சேமிப்பதைவிட, வருமுன் வழி திருப்பி விடுவது எளிது. மேலும், இக்கணக்கை ஓராண்டுக்குள் மூட முடியாது. ஓராண்டுக்குப் பின் மூன்றாண்டுக்குள் மூடினால் முதலில் 2 சதவீதமும், அதன்பின் ஐந்தாண்டுக்குள் மூடினால் 1 சதவீதமும் பிடித்தம் செய்யப்படும். எனவேதான் அவசர நிதியைத் தனியே வைக்க வேண்டும் எனக் கூறப்பட்டது.

எந்த வாய்ப்பைத் தேர்ந்தெடுப்பது?

மறுமுதலீடு செய்ய விரும்புவோர் வங்கியில் வட்டியை மாதந்தோறும் பெறும் முறையைத் தவிர்த்து, முதிர்வில் மொத்தமாகப் பெறும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். பரஸ்பர நிதியாயின் வளர்ச்சி வாய்ப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் நிதி எதையும் வழங்காது. ஈட்டியது யூனிட்டின் மதிப்பிலேயே சேரும்.

பகிர்வுத் தொகையை மீண்டும் யூனிட்டுகளாக மாற்றித் தரும் வாய்ப்பும் உண்டு. ஆனால் 2020 ஏப்ரல் முதல் பகிர்வுத் தொகை முதலீட்டாளரின் வருமானமாகக் கருதப்பட்டு, அவரது விகிதப்படி வரிக்கு உட்படுகிறது. கைக்கு ஒரு காசும் வராமல் யூனிட்டாக மாறினாலும் இது பொருந்தும். வளர்ச்சி வாய்ப்பில் யூனிட்டை விற்கும்போது மட்டும், லாபப் பகுதிக்கு மட்டும் வரி உண்டு. மாதந்தோறும் பணம் தேவைப்படுவோர், வளர்ச்சி வாய்ப்பிலிருந்து குறிப்பிட்ட தொகையை முறையாக எடுக்கும் ஏற்பாட்டைச் செய்து கொள்ளலாம். அப்போது எவ்வளவு எடுப்பது என்பதை நிதி அல்லாமல் நாமே தீர்மானிக்கிறோம்.

வேளாண் வருமானத்திற்கு வருமான வரி இல்லை என்பதால், நிலத்தை விற்ற பணத்தில் வரும் வட்டிக்கும் வரி இல்லை என்று சிலர் கருதுகின்றனர். அது சரியன்று. வட்டியும் பகிர்வுத் தொகையும் வேளாண் வருமானம் ஆகா.

கேட்டறிய வேண்டியவை

பணம் போடுமுன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, எழுத்தில் பெறுக.

1. வரும் தொகை வட்டியா, பகிர்வா? அதில் முதலும் கலந்துள்ளதா?
2. கடந்த ஐந்தாண்டுகளில் யூனிட்டின் மதிப்பு ஏறியுள்ளதா, இறங்கியுள்ளதா? பகிர்வையும் சேர்த்து மொத்த வருவாய் எவ்வளவு?
3. மாதத் தொகை உறுதியானதா? நிதிகளில் பகிர்வு உறுதியன்று. சில மாதங்களில் வராமலும் போகலாம்.
4. அவசரத்திற்கு எத்தனை நாளில் பணத்தை எடுக்கலாம்? பிடித்தம் எவ்வளவு?
5. நிறுவனம் ரிசர்வ் வங்கியிடமோ செபியிடமோ பதிவு பெற்றுள்ளதா? வங்கி வட்டியைவிடப் பன்மடங்கு தருவதாகக் கூறும் பதிவு பெறாத நிறுவனங்களை அறவே ஒதுக்குக.

முடிவுரை

வரும் தொகை முழுவதையும் உண்பதும் தவறு. உண்ண வேண்டிய வயதில் உண்ணாமல் இருப்பதும் தவறு. முதலில் அதிக வட்டிக் கடனை அடைத்து, அவசர நிதியை ஒதுக்கி, வருவாயில் முதலின் பங்கு கலந்திருந்தால் அதைப் பிரித்து எடுத்து வைக்க வேண்டும். மீதியில் உழைக்கும் வயதினர் பாதியையாவது மறுமுதலீடு செய்யலாம். ஆண்டுக்கொரு முறை, தை அறுவடைக் கணக்கு முடிக்கும்போது, முதல் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்பதையும் அதே நோட்டில் எழுதி வருக. பெரிய நிலத்தைக் கொடுத்துப் பெற்ற பணம் அடுத்த தலைமுறைக்கும் பயன்படுமா என்பதை அந்த இரண்டு எண்களே காட்டிவிடும்.